எட்டுப் பேரா, நான்கு பேரா?

காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பட்டுக் கடைகளுக்கும் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,



பேரேட்டிலும் பாஸ்புத்தகத்திலும் கிடந்த நெசவாளர் கணக்குகளை நீங்கள் கணினிக்குக் கொண்டுவருகிறீர்கள். உங்களில் பலர் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்கள். பாவு, ஊடை, ஜரிகை, கூலி எதையும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லைப்ரரி வழியாக எழுதிய க்வெரியில் ஃபில்டர் போட்டதும் எண்ணிக்கை தப்பாக வருகிறது என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியே சொன்னதை எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைக்கிறேன். இதைச் சின்னக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். உங்கள் திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் போனஸ் பட்டியலும் நிவாரணப் பட்டியலும் தயாராகின்றன.

கோளாறு வழக்கமாக இப்படித் தலைகாட்டும். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓடும் கோர்வை வேலைக்கு இரண்டு பேர் உழைப்பு தேவை. ஆகவே கோர்வை நெய்பவர்கள் எத்தனை பேர் என்று சங்கம் தனியே கேட்கும். நெசவாளர் அட்டவணையைச் சேலை அட்டவணையோடு ஜாயின் செய்து, வகை 'கோர்வை' என்று ஃபில்டர் போடுகிறீர்கள். திரையின் மேலே 'நெசவாளர்கள்: 8' என்று வருகிறது. கீழே பெயர்களை எண்ணினால் நான்குதான். அல்லது பட்டியலிலேயே ஒருவர் பெயர் மூன்று முறை வந்து நிற்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நான்கு நெசவாளர்கள் முறையே 3, 2, 2, 1 என்று கோர்வைச் சேலைகள் நெய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின் ஆனதும் தரவுத்தளம் உண்டாக்கும் ஒவ்வொரு வரிசையும் ஒரு சேலைக்கு உரியது. நெசவாளர் பெயர் அதில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். எட்டுச் சேலை, எட்டு வரிசை. நீங்கள் ஆளை எண்ணச் சொன்னதாக நினைக்கிறீர்கள். அது சேலையை எண்ணிக் கொடுக்கிறது. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தபோது, ஒரே வரிசை இரண்டு முறை வருவதற்கு அதில் இடமில்லை. பின்னால் வந்த எஸ்க்யூஎல் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. இன்றைய குழப்பத்தில் பெரும்பகுதி அங்கே தொடங்குகிறது.

லைப்ரரிகள் இதை ஆளுக்கொரு விதமாகக் கையாளுகின்றன. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2005-06 காலத்தில்தான் ஜாங்கோவும் எஸ்க்யூஎல்-ஆல்கெமியும் வெளிவந்தன. இரண்டும் பைத்தான் மொழிக்கானவை. ஆனால் மேலே சொன்ன கேள்விக்கு அவை தரும் பதில் ஒன்றுபோல் இருக்காது.

ஜாங்கோவில் கவுண்ட் கேட்டாலும் 8, பட்டியலாக எடுத்தாலும் 8. ஒரே நெசவாளர் மூன்று முறை வருவார். எண்ணிக்கை தப்பு என்றாலும் கண்ணுக்குத் தெரியும் தப்பு அது. ஆல்கெமியின் பழைய க்வெரி முறை இன்னும் நுட்பமானது. அதில் ஒரே ஒரு வகைப் பொருளை மட்டும் கேட்டிருந்தால், 'ஆல்' என்று எடுக்கும்போது லைப்ரரி முதன்மைச் சாவியைப் பார்த்து, திரும்ப வந்தவர்களைத் தானே கழித்துவிடும். எனவே பட்டியலில் நான்கு பேர். ஆனால் 'கவுண்ட்' என்று கேட்டால் அந்தக் கழித்தல் நடப்பதில்லை. எண்ணும் வேலை தரவுத்தளத்தில் நடக்கிறது. தரவுத்தளத்துக்கு வரிசை தெரியும், ஆள் தெரியாது. அதனால் 8. ஒரே க்வெரி, இரண்டு விடை. இந்தக் கேள்வி உலகம் முழுக்க வருவதால், ஆல்கெமியின் ஆவணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றாகவே இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

பக்கம் பிரிக்கும் இடத்தில் இது இன்னும் தொல்லை தரும். பக்கத்துக்கு இருபது பேர் என்று லிமிட் போட்டால், அந்த இருபதும் வரிசைக் கணக்கு. கழித்தல் அதற்குப் பிறகுதான் நடக்கும். முதல் பக்கத்தில் பதினோரு பேர், அடுத்ததில் பதினான்கு பேர் என்று வரும். ஒருவரே இரண்டு பக்கங்களிலும் தலைகாட்டுவார். எழுத்தர் அதைப் பார்த்துச் சிலர் விடுபட்டுவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி பதிவு செய்தால், அன்றிலிருந்து உண்மையிலேயே இரட்டைப் பதிவு தொடங்கிவிடும். திரையில் வந்த பிழை தரவுக்குள் இறங்கிவிடும்.

2023இல் வந்த ஆல்கெமி 2.0க்கு மாறுகிறவர்கள் கவனியுங்கள். புதிய 'செலக்ட்' முறையில் அந்தத் தானியங்கிக் கழித்தல் கிடையாது. 'யூனிக்' என்று நீங்களே கேட்க வேண்டும். நேற்று வரை நான்கு பெயர் காட்டிய பக்கம், இந்த முறைக்கு மாற்றி எழுதிய அன்று எட்டுப் பெயர் காட்டுவதற்கு இதுவே காரணம். தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். முன்பு மறைந்திருந்தது இப்போது தெரிகிறது.

சரி, மருந்து என்ன? பெரும்பாலோர் உடனே 'டிஸ்டிங்ட்' போடுவார்கள். பல சமயம் எண் சரியாகிவிடும். ஆனால் அதைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஜாங்கோவில் சேலையின் தேதிப்படி வரிசைப்படுத்திவிட்டு டிஸ்டிங்ட் போட்டுப் பாருங்கள். அந்தத் தேதியும் தேர்ந்தெடுக்கும் புலங்களோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு சேலைக்கும் தேதி வேறு. ஆகவே எல்லா வரிசையும் 'தனித்தன்மை' பெற்றுவிடும், பட்டியலில் எட்டு மறுபடி எட்டாகவே நிற்கும். அதைவிட முக்கியம், டிஸ்டிங்ட் போட்டவர் தன் க்வெரியில் ஏன் ஒருவரே பலமுறை வந்தார் என்று யோசிப்பதை நிறுத்திவிடுகிறார். நம் கேள்வி 'கோர்வைச் சேலை ஒன்றாவது நெய்த நெசவாளர் யார்' என்பது. 'ஒன்றாவது இருக்கிறதா' என்று கேட்பதற்கு எஸ்க்யூஎல்லில் 'எக்ஸிஸ்ட்ஸ்' இருக்கிறது. ஜாங்கோவிலும் அதே பெயரில் இருக்கிறது. ஆல்கெமியில் 'எனி' என்றும் எழுதலாம். அதில் ஜாயின் இல்லை, பெருக்கமும் இல்லை. ஒரு நெசவாளருக்கு ஒரு வரிசை.

காரணத்தைத் தேடும்போது ஒரு விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. எனவே எந்த ஃபில்டரும் இல்லாமல் முதலில் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எண் ஏறுகிறதோ அங்கே ஒரு ஜாயின் நுழைந்திருக்கிறது. அதே இடத்தில் வரிசைகளை ஒரு முறையும், தனித்த நெசவாளர் எண்களை ஒரு முறையும் எண்ணினால், வித்தியாசம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். லைப்ரரி எழுதிய எஸ்க்யூஎல்லைக் கட்டாயம் பாருங்கள். ஆல்கெமியில் எஞ்சினை உருவாக்கும்போது 'எக்கோ'வை இயக்கினால் போதும். ஜாங்கோவில் க்வெரிசெட்டின் 'க்வெரி'யை அச்சிடலாம். மேற்கோள் குறிகள் சரியாக வராததால் அதை அப்படியே ஓட்ட முடியாமல் போகலாம். ஆனால் எந்த அட்டவணை எத்தனை முறை ஜாயின் ஆகியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஆல்கெமியில் ஜாயினையே மறந்துவிட்டு, சேலை அட்டவணையின் புலத்தை ஃபில்டரில் மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 400 நெசவாளர்களும் 1,000 கோர்வைச் சேலைகளும் இருந்தால், ஒவ்வொருவரோடும் ஒவ்வொரு சேலையும் சேர்ந்து கவுண்ட் 4,00,000 என்று வரும். பழைய க்வெரி முறையில் பட்டியலோ கழித்தலுக்குப் பிறகு 400 பேரையும் காட்டும், ஃபில்டர் வேலையே செய்யாததுபோல. 1.4 பதிப்பு முதல் லைப்ரரி இதற்கு எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திறந்து வையுங்கள்.

ஜாங்கோவில் இன்னொரு நுட்பம். 'கோர்வை' என்பதையும் 'ஜனவரி மாதம்' என்பதையும் ஒரே ஃபில்டருக்குள் எழுதினால், ஜனவரியில் நெய்த கோர்வைச் சேலை உள்ளவர்கள் வருவார்கள். இரண்டு ஃபில்டர்களாகத் தொடுத்து எழுதினால், எப்போதோ ஒரு கோர்வையும் ஜனவரியில் ஏதோ ஒரு சேலையும் நெய்தவர்கள் எல்லாரும் வருவார்கள். சேலை அட்டவணை இரண்டு முறை ஜாயின் ஆவதால் வரிசைகளும் பெருகும். இரண்டும் சரியான க்வெரிகளே. நீங்கள் கேட்க நினைத்தது எது என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை தப்பினால் யாராவது கவனிப்பார்கள். தொகை தப்பினால் கவனிப்பது கடினம். ஒரு நெசவாளருக்கு இரண்டு தறி, அவர் நெய்தது ஐந்து சேலை, சேலைக்குக் கூலி ரூ.6,000 என்று ஒரு கணக்கு வைப்போம். தறிகளின் எண்ணிக்கை, சேலைகளின் எண்ணிக்கை, கூலியின் கூட்டுத்தொகை மூன்றையும் ஒரே 'அனோடேட்' வரியில் கேட்டால், இரண்டு தறியும் ஐந்து சேலையும் பெருகிப் பத்து வரிசை ஆகும். தறி 10, சேலை 10, கூலி ரூ.60,000 என்று விடை வரும். உண்மையில் அவர் பெற்றது ரூ.30,000. ஒற்றைத் தறி வைத்திருக்கும் எல்லாருக்கும் கூலி சரியாக வரும் என்பதால், மாதிரிக்கு இரண்டு பேரைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுவார்கள். ஜாங்கோவின் ஆவணமே இந்த இடத்தில் எச்சரிக்கிறது. எண்ணிக்கைகளுக்கு டிஸ்டிங்ட் போட்டால் 2, 5 என்று சரியாகிவிடும். ஆனால் கூட்டுத்தொகைக்கும் அதையே போட்டுவிடாதீர்கள். ஐந்து சேலைக்கும் ஒரே கூலி என்பதால் அவை ஒன்றாகி ரூ.6,000 என்று வந்துவிடும். இருமடங்காக வந்தது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கூலியைச் சேலை அட்டவணையிலிருந்து தனித் துணை க்வெரியாகக் கூட்டுங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

இதுவரை சொன்னது எண் பெருகும் விதம். எண் குறையும் விதத்தைப் பற்றி எனக்கு இன்னும் அதிகக் கவலை. பெருகினால் தணிக்கையில் பிடிபடும். விடுபட்டவர் பட்டியலில் இல்லாததால், அவரைப் பற்றிக் கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

முதல் காரணம் நல் என்னும் வெற்றுப் புலம். 100 உறுப்பினர்களில் 60 பேருக்கு ஒரு வங்கியில் கணக்கு, 30 பேருக்கு வேறு வங்கிகளில், 10 பேருக்கு வங்கிப் பெயரே பதியவில்லை. 'அந்த வங்கி அல்லாதவர்கள்' என்று ஆல்கெமியில் சமமல்ல என்ற குறி போட்டால் 30 வரும். ஜாங்கோவில் 'எக்ஸ்க்ளூட்' போட்டால் 40 வரும், ஏனென்றால் ஜாங்கோ நல் மதிப்புக்கும் தனியே வழி செய்து எஸ்க்யூஎல்லை எழுதுகிறது. எஸ்க்யூஎல்லின் தர்க்கத்தில் உண்மை, பொய் தவிர 'தெரியாது' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரியாததை ஃபில்டர் உள்ளே விடாது. இதன் கொடிய வடிவம் 'நாட் இன்'. இந்த மாதம் சங்கத்தில் பட்டு வாங்காதவர்கள் யார் என்று பார்க்க, பட்டு வழங்கல் அட்டவணையில் உள்ள நெசவாளர் எண்களுக்குள் இல்லாதவர்கள் என்று எழுதுகிறீர்கள். அந்த அட்டவணையில் ஒரே ஒரு வழங்கலில் நெசவாளர் எண் வெற்றாக இருந்தாலும், விடை பூஜ்யம். எல்லாரும் பட்டு வாங்கிவிட்டதாக அறிக்கை சொல்லும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள். அதற்கு இந்த நோய் இல்லை.

இரண்டாவது காரணம், வேலை இல்லாதவர்கள் மறைவது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் இழுக்கும், நெசவு நின்றுபோகும். அந்த மாதம் ஒவ்வொருவரும் எத்தனை சேலை கொடுத்தார்கள் என்ற அறிக்கைக்கு நீங்கள் லெஃப்ட் ஜாயின் போடுகிறீர்கள், ஒன்றும் நெய்யாதவரும் வர வேண்டும் என்றுதான். பிறகு 'சேலைத் தேதி நவம்பர்' என்று கீழே 'வேர்' பகுதியில் ஒரு நிபந்தனை சேர்க்கிறீர்கள். சேலை இல்லாதவருக்குத் தேதி வெற்று, வெற்றுத் தேதி நவம்பர் ஆகாது, அவர் போய்விட்டார். லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருந்தாலும் அது இனி உள் ஜாயின்தான். மழைநிவாரணம் யாருக்காகவோ அவர்களே அந்த அறிக்கையில் இல்லாமல் போகிறார்கள். நிபந்தனையை ஜாயினின் 'ஆன்' பகுதிக்குள் வையுங்கள். ஜாங்கோவில் இதற்கு 'ஃபில்டர்டு ரிலேஷன்' இருக்கிறது. கவுண்டுக்குள்ளேயே ஃபில்டர் தரும் வசதியும் உண்டு. எந்த அறிக்கையிலும் பூஜ்யம் வாங்கியவர்கள் தெரிகிறார்களா என்று பாருங்கள். ஒரு பூஜ்யம்கூட இல்லாத மழைக்கால அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவது காரணம் நம் எழுத்து. வெளியூர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இது கிடைக்காது. 'கோர்வை' என்பதன் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தும் ஓகாரக் குறியும் என இரண்டு துண்டாகச் சேமிக்கலாம். அல்லது க, இரட்டைக் கொம்பு, கால் என மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். ஆனால் போஸ்ட்கிரெஸ் தன் வழக்கமான அமைப்பில் இரண்டையும் வேறு சொற்களாகவே பார்க்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்த தரவை அரைகுறையாக யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்தப் பிளவு நிறைய உண்டு. ஃபில்டர் 'கோர்வை' என்று கேட்டால் பாதி வரும், மீதி வராது. ஏன் என்று எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தாலும் தெரியாது. சேமிக்கும் முன்பே பைத்தானின் யூனிகோட்டேட்டா வழியாக என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு தரவுத்தளத்திலேயே இருக்கிறது. தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்ற மறக்காதீர்கள்.

'கௌரி' என்ற பெயரின் சிக்கல் வேறு. ஔகாரக் குறிக்குப் பதில் 'கெ'க்குப் பிறகு ள என்ற எழுத்தையே தட்டச்சு செய்து 'கெளரி' என்று வைத்திருப்பார்கள். இதை என்.எஃப்.சி. சரிசெய்யாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. இப்படிப்பட்ட பெயர்களைத் தனியே தேடி எடுத்துக் கையால்தான் திருத்த வேண்டும். இதனால்தான் பெயரை வைத்து யாரையும் எண்ணாதீர்கள் என்கிறேன். உறுப்பினர் எண்ணை வையுங்கள்.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேதியும் நேரமும் சேர்ந்த புலத்தில் 'மார்ச் 31 வரை' என்று தேதியை மட்டும் கொடுத்தால், அது 31ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும். நிதியாண்டின் கடைசி நாள் முழுக்க விடுபடும். 'ஏப்ரல் 1க்கு முன்' என்று எழுதுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகு தானாக ஓடும் பதிவேற்றங்கள் முந்தைய நாளில் போய் விழும். மாதக் கடைசியில் இது அடுத்த மாதத்துக் கணக்கை இந்த மாதத்துக்குள் இழுத்துவிடும். அதேபோல், நீக்கிய பதிவுகளை மறைக்க ஜாங்கோவில் தனி மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: ஜாயின் வழியாக இன்னொரு அட்டவணைக்குப் போகும் ஃபில்டரில் அந்த மேனேஜர் வேலை செய்யாது. நீக்கிய சேலைகளும் அங்கே எண்ணப்படும்.

எண்ணிக்கை சரியா என்று எப்படி உறுதி செய்வது? நம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் அவை. ஒன்று 919, மற்றது 921. அந்த விதிகளை மறுபடி ஒரு நிரலாளரின் கண்ணோடு படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, கல்வி என்று சேர்க்கும் நிபந்தனைகள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவருடைய இன்னின்ன உறவினரும் கூடாது என்று விலக்கும் நிபந்தனைகள். உறவினரை விலக்குவது இன்னொரு அட்டவணைக்குப் போய்த் திரும்பும் எக்ஸ்க்ளூட். அதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். 919இல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 ஆக மாறியது. மாறியதைக் கல்லில் வெட்டி, எல்லாரும் படிக்கும்படி வைத்தார்கள். அதன் முடிவில் ஒரு கூட்டல் இருக்கிறது. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கூட்டினால் 30. யாரும் இரண்டு முறை இல்லை, யாரும் விடுபடவும் இல்லை.

உங்கள் ஒவ்வொரு அறிக்கைக்கும் இப்படி ஒரு கூட்டல் வேண்டும். ஃபில்டருக்குள் வந்தவர், வராதவர், புலம் வெற்றாக உள்ளவர் மூவரையும் தனித்தனி க்வெரியாக எண்ணிக் கூட்டுங்கள். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன வங்கிக் கணக்கில் 60ம் 30ம் சேர்ந்து 90 என்று வந்தபோதே பத்துப் பேர் எங்கே என்று தெரிந்திருக்கும். அந்த மூன்று எண்களையும் அறிக்கையின் அடியிலேயே அச்சிடுங்கள். ஃபில்டர் நிபந்தனைகளையும் தமிழில் எழுதி வையுங்கள்: 'தேதி இதிலிருந்து இதுவரை, வகை கோர்வை, எண்ணியது உறுப்பினர் எண்ணை வைத்து.' சங்கத்து எழுத்தருக்குப் பைத்தான் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எத்தனை தறி என்று உங்களையும் என்னையும்விட அவருக்குத் தெரியும். அவர் சரிபார்க்கும்படி கொடுங்கள்.

ஒரு வரிசை எதற்கு உரியது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று இந்த மடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நம் ஊரில் அது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்து 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்த கைத்தறி இலவச மின்சாரம் வீட்டு மின் இணைப்புக்கு உரியது. பட்டும் ஜரிகையும் தறியில் ஏறும் பாவைப் பொறுத்தவை. கூலி சேலைக்கு. போனஸ் ஆளுக்கு. நான்கையும் ஒரே அறிக்கையில் கேட்பார்கள். நான்கையும் ஒரே ஜாயினில் எடுத்தால் நான்குமே தப்பும்.

2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மொத்தம் 35,22,512 தொழிலாளர்கள். அதில் நெசவாளர் 26,73,891. துணைத் தொழிலாளர் 8,48,621. கூட்டல் சரியாக வருகிறது. நூல் சுற்றுபவர், பாவு ஓட்டுபவர், தறிக்குத் துணை நிற்பவர் ஆகியோருக்கு அங்கே ஒரு பிரிவு இருப்பதால்தான் அந்த எட்டரை லட்சம் பேர் எண்ணில் வந்தார்கள். நம் சங்கங்களுக்காக எழுதப்படும் பல மென்பொருள்களில் நெசவாளர் அட்டவணை இருக்கிறது, தறி அட்டவணை இருக்கிறது, சேலை அட்டவணை இருக்கிறது. கோர்வைத் தறியில் அந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைப் போடுபவருக்கு ஒரு வரிசை இல்லை. பல வீடுகளில் அது மனைவியோ மகளோ. எந்த ஃபில்டரை எவ்வளவு திருத்தமாக எழுதினாலும் அவர் எண்ணிக்கையில் வரமாட்டார்.

சேலைப் பதிவில் துணை நெய்தவர் யார் என்று ஒரு புலம், அவருக்குத் தனி உறுப்பினர் எண். ஒரு மைக்ரேஷன் வேலைதான். பழைய பதிவுகளில் அந்தப் புலம் வெற்றாகவே இருக்கும். அதனால் மேலே சொன்ன நல் கணக்கை நினைவில் வைத்து எழுதுங்கள். சங்கத் தலைவர்களிடம் இப்போதே பேசிவிட்டால், தீபாவளி போனஸ் பட்டியல் எடுப்பதற்குள் இந்த விவரங்களைச் சேகரித்துவிடலாம். பேசும்போது என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்